நோன்பு வேறு, ஒருசந்தி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் மாணவர் இணைப்பில் உலக மதங்களைப் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். பிள்ளைகளுக்காக இதை எழுத முன்வந்ததற்கு நன்றி. ஆனால் எல்லா மதத்திலும் உண்ணாநோன்பு உண்டு, எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான் என்று ஒரே வரியில் முடித்திருந்தது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இராயபுரத்தில் என் வீட்டிலேயே சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிறேன். 2025 மார்ச் 2-ஆம் தேதி ரம்ஜான் நோன்பு தொடங்கியது. 5-ஆம் தேதி, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். அந்த வாரம் ஒருநாள், எப்போதும்போல் சுண்டல் கிண்ணத்தை நடுவில் வைத்தேன். மண்ணடியிலிருந்து வரும் பெண் வேண்டாமென்று தலையாட்டினாள். “தண்ணியாவது குடியேன்” என்றான் காசிமேட்டுப் பையன். “தண்ணி குடிச்சாலே நோன்பு முறிஞ்சிடும்டா” என்றாள். அவனுக்கு நம்பவே முடியவில்லை. அவன் வீட்டில் வெள்ளிக்கிழமை கறிதான் கிடையாது, மீன் குழம்பு உண்டு. இன்னொருத்தி, “எங்க ஆயா ஏகாதசிக்குப் பால், பழம் எல்லாம் சாப்பிடுமே, டீச்சர்?” என்றாள். சௌகார்பேட்டைப் பெண் கடைசியாக வாய் திறந்தாள்: “எங்க பாட்டி காய்ச்சின தண்ணி மட்டும்தான் குடிப்பாங்க. அதுவும் பொழுது சாயறதுக்குள்ள.” அன்றைக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை.

அந்தப் பிள்ளைகளிடம் போய் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லிலேயே வித்தியாசம் இருக்கிறது. கத்தோலிக்கர் வீடுகளில் ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒருவேளை முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி தவிர்ப்பது. விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் இரண்டுமே சேர்ந்த நாட்கள். விபூதிப் புதனிலிருந்து உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) முந்தைய நாள்வரை எண்ணினால் 46 நாள் வரும். இயேசு உயிர்த்த நாள் என்பதால் 6 ஞாயிறுகளைத் தவக் கணக்கில் சேர்ப்பதில்லை; அதனால்தான் 40. மனந்திரும்புவதற்கான காலம் அது.

நோன்பு வைக்கும் முஸ்லிம்களுக்கு வைகறையிலிருந்து பொழுது சாயும்வரை சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. அதே சமயம் நோயாளிக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் விலக்கு உண்டு, விட்ட நாட்களைப் பிறகு நோற்றுக்கொள்ளலாம். ஒருபோதும் முடியாதவர் நாளுக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு போட வேண்டும். இந்தக் கருணையைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் மனதில் பட்டினி மட்டும்தான் நிற்கும். பிறைக் கணக்கில் ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள் என்பதால் ரம்ஜான் வருடா வருடம் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்கிறது. 2019-இல் அக்னி நட்சத்திர வெயிலில் வந்த நோன்பு, 2030-இல் மார்கழியில் வரும்.

ஏகாதசி விரதத்தை வைணவர்கள் மறுநாள் துவாதசியன்று அகத்திக்கீரையோடு முடிப்பதைப் பாரணை என்கிறோம். சௌகார்பேட்டையில் ஜைனர்களும் உபவாசம் முடிப்பதைப் ‘பார்ணா’ என்றே சொல்கிறார்கள். சொல் ஒன்று, நோக்கம் வேறு. அங்கே பெருமாளிடம் பக்தி. இங்கே உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரையே ஏற்காத மதம், உயிரில் ஒட்டிய வினையை உதிர்க்கத் தவமிருக்கிறது.

உங்கள் வரி அடியோடு சறுக்குவது பார்சிகள் விஷயத்தில். இராயபுரத்தில் 1910-இல் திறக்கப்பட்ட அவர்களுடைய அக்னி கோயில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பிற மதத்தினருக்கு உள்ளே அனுமதியில்லை. அதனாலேயே அக்கம்பக்கத்தில் பலருக்கு அதைப் பற்றித் தெரிவதில்லை. பார்சிகள் பின்பற்றும் ஜரதுஷ்டிர மதம் பட்டினி கிடப்பதைப் புண்ணியமாகக் கொள்வதில்லை. உண்ணாதவனுக்கு நற்செயல் செய்ய வலு இருக்காது என்பது அதன் போதனை. சில நாட்களில் இறைச்சியை மட்டும் விலக்குவார்கள், அவ்வளவுதான். அவர்களை நெருப்பை வணங்குபவர்கள் என்று அதே பக்கத்தில் எழுதியிருந்ததும் பிழை. அவர்கள் வணங்குவது அஹுரா மஸ்தா என்னும் இறைவனை. அணையாமல் காக்கும் நெருப்பு அவருடைய ஒளிக்கு அடையாளம். சீக்கிய குருமார்களும் விரதத்தைப் பெரிதாகக் கொண்டதில்லை. பசித்து வருபவரை உட்காரவைத்துச் சோறு போடுவதே அவர்கள் வழி.

வேற்றுமையைச் சொன்னால் பிள்ளைகளுக்குள் பிளவு வந்துவிடும் என்ற பயத்தில் அப்படி எழுதினீர்களோ என்னவோ. என் வீட்டுத் திண்ணையில் நடந்தது வேறு. மறுநாள் காசிமேட்டுப் பையன் சுண்டல் கிண்ணத்தை எடுத்து, பொழுது சாயும்வரை தட்டுப் போட்டு மூடிவைத்தான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

பார்சிகளைப் பற்றிய இரண்டு பிழைகளையும் அடுத்த இணைப்பிலேயே திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். வாரம் ஒரு மதம் என்று இடம் ஒதுக்கினால், தங்கள் வீட்டு வழக்கத்தைப் பிள்ளைகளே எழுதிய நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. பெற்றோரைக் கேட்டு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
இராயபுரம், சென்னை-13