உங்கள் வீட்டுக் கைக்குழந்தைக்காக ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டு விடுமுறையில் நம் பள்ளியின் கதவு, ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நான் சொல்லப்போகும் ஏற்பாடுகளுக்குக் காரணம் தெரியாவிட்டால் "இதுக்குப் போய் இவ்வளவா" என்று உங்களுக்குத் தோன்றும். அதனால் கடிதம் கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் அப்பத்தா, அம்மாச்சி இருந்தால் பிள்ளைகளை விட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இதில் நான் பேசுவது உங்கள் வீட்டுக் கடைக்குட்டியைப் பற்றி. இன்னும் நான்கைந்து வருடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகும் பிள்ளை. வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சேர்த்திதான்.

மூன்று வருடங்களுக்கு முன்பும் இதேபோல் வேலை நடந்தது. வந்த ஆட்கள் பழைய பெயிண்டை அப்படியே சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். பச்சையும் நீலமுமாகத் தூள் தாழ்வாரமெங்கும் படிந்தது. அடுத்த சுவர் அங்கன்வாடி. அங்கிருந்து தவழ்ந்து வந்த ஒரு குழந்தை, தரையில் கிடந்த பெயிண்ட் செதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. நான்தான் விரலை விட்டு எடுத்தேன். வாயைத் துடைத்து அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன். அழுக்கு என்றுதான் நினைத்தேன். அதற்குள் என்ன இருக்கலாம் என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கும். நிறம் எடுப்பாக இருக்கவும் சீக்கிரம் காயவும் சேர்த்தார்கள். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நம் பள்ளிக் கதவில் இருக்கும் அடிப்பூச்சுகள் அதற்கு முந்தியவை. உங்களில் பலர் வீட்டுக் கதவும் அப்படித்தான்.

ஈயம் என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு ஈயச் சொம்பு ரசம் நினைவுக்கு வரும். தமிழில் ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. சொம்பு செய்வதும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். அதனால் பெரிய கெடுதல் இல்லை. நான் சொல்லும் விஷம் காரீயம். இந்தக் கடிதத்தில் இனி ஈயம் என்று வருவதெல்லாம் அதுதான். சிக்கல் என்னவென்றால், காரீயம் விலை மலிவு, பார்க்கவும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். அதனால் கலப்படம் நடக்கிறது. புளி ஊற்றிக் கொதிக்க வைத்தால் அது ரசத்தோடு இறங்கிவிடும். சீர்வரிசையில் வந்த பாத்திரங்களை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பத்திரமாக வையுங்கள், அழகு பாருங்கள். ஆனால் யாரிடம் எப்போது பூசியது என்று தெரியாத பாத்திரத்தில் கர்ப்பிணிக்கு ரசமும் குழந்தைக்குக் கஞ்சியும் வைக்காதீர்கள். எவர்சில்வர் போதும். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடைக்கும் இதேதான்.

ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால், சிறு குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்கிறது. உடம்பு அதைச் சுண்ணாம்புச்சத்து என்று எண்ணி எலும்பில் சேர்த்து வைக்கிறது. ரத்தத்தில் இருப்பது மூளைக்கும் போகிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

ஆசிரியராக என்னை உலுக்கிய ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பல்லுக்குள் எவ்வளவு ஈயம் என்று அளந்தார். இன்னொரு பக்கம், அந்தப் பிள்ளைகளின் ஆசிரியர்களிடம் கேள்விகள் கேட்டார்: கவனம் சிதறுகிறதா, சொன்னதைச் செய்ய முடிகிறதா, ஒரு வேலையை முடிக்கிறதா? யார் பல்லில் எவ்வளவு ஈயம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாது. 1979-இல் முடிவு வந்தது. பல்லில் ஈயம் ஏற ஏற, ஆசிரியர் "இந்தப் பிள்ளைக்குக் கவனமே இல்லை" என்று சொன்னதும் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பிள்ளைகள் யாரும் நோயாளிகளாகத் தெரியவில்லை. சாதாரணமாகப் பள்ளிக்கு வந்து போனவர்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியச் சொல்வோம். அந்தப் பல் உருவாகத் தொடங்கியது தாய் வயிற்றில். அப்போது உடம்புக்குள் வந்தது எதுவோ அதுவும் பல்லில் இருக்கிறது. வகுப்பில் கவனிக்காத பிள்ளையை நான் எத்தனை முறை எழுப்பி நிற்க வைத்திருப்பேன் என்று நினைத்தால் இப்போது கஷ்டமாக இருக்கிறது. அதற்காக, கவனம் குறைந்த எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ரத்தம் எடுத்துப் பார்க்காமல் யாரும் அப்படிச் சொல்லவும் முடியாது.

சரி, இதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. குடலில் இரும்புச்சத்து நுழைகிற வாசல் வழியாகத்தான் ஈயமும் நுழைகிறது. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் உடம்பு அந்த வாசலை இன்னும் அகலமாகத் திறந்து வைக்கும். வரவேண்டிய இரும்பு வராது, ஈயம் உள்ளே வந்துவிடும். வெறும் வயிற்றிலும் ஈயம் அதிகமாக ஏறும். நல்ல சாப்பாடு என்பது வாசலில் ஆள் நிறுத்துவது மாதிரி. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படியானால் எத்தனை வாசல்கள் திறந்து கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

கர்ப்பத்திலும் அப்படித்தான். பெட்ரோலில் ஈயம் கலப்பது நம் நாட்டில் 2000-இல்தான் நின்றது. அதற்கு முன் வளர்ந்த நம் எலும்பில் அந்தப் புகையின் மிச்சம் இருக்கலாம். குழந்தைக்கு எலும்பு கட்டச் சுண்ணாம்புச்சத்து போதவில்லை என்றால் அம்மாவின் எலும்பு கரையும், ஈயமும் சேர்ந்து இறங்கும். கேழ்வரகு, பால், தயிர், கீரை எல்லாம் கர்ப்பிணியின் தட்டில் முதலில் விழ வேண்டும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தில் அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவர் பெயரில் வரும் மகப்பேறு உதவியில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறார்கள். அதிலிருக்கும் பேரீச்சம்பழத்தை வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்காதீர்கள், அது அவளுக்கு.

என் மூத்தவன் பிறந்தபோது சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றச் சொன்னார்கள், சீனித் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். எனக்கு அப்போது எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. இதைச் சொல்வதால் பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அவர்கள் காலத்தில் இது யாருக்கும் தெரியாது.

ஆறு மாதம் ஆனதும், தாய் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து தீரத் தொடங்கும். இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்கள் மூளையில் முக்கால் பங்கு அளவுக்கு வளர்ந்துவிடும். அந்த நேரத்தில் டீயில் நனைத்த பிஸ்கட் கொடுத்துப் பசியாற்றுவதைப் பார்த்தால் எனக்குத் தாங்கவில்லை. டீ, இருக்கும் இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது. பருப்பும் நெய்யும் போட்டு மசித்த சோறு, முருங்கைக்கீரை, முட்டை, உளுந்தங்கஞ்சி கொடுங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் தரும் இரும்புச்சத்து மருந்து, ஆறு மாதம் முதல் வாரம் இரண்டு முறை 1 மில்லி. "மலம் கறுப்பாகப் போகிறது" என்று நிறுத்திவிடுகிறீர்கள். கறுப்பாகத்தான் போகும், பயப்பட வேண்டாம்.

தொண்டிப் பக்கமிருந்து வரும் மீனில் நெத்திலியும் மத்தியும் தாராளமாகச் சாப்பிடலாம். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு என்று தேடிப் போகாமல் சின்ன மீனாக வாங்குங்கள்.

புகையும் உண்டு. விறகடுப்புப் புகையில் நிற்கும் கர்ப்பிணிக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் ஆபத்து அதிகம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 சிகரெட்டுக்குக் குறையாது என்று 2003-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. தொட்டில் பக்கத்தில் சுருள் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். குப்பையோடு பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதையும் விட்டுவிடுங்கள்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று. உங்களில் சிலர் காரைக்குடியில் பழைய கதவு, தூண்களைச் சுரண்டிப் பாலிஷ் போடும் வேலைக்குப் போகிறீர்கள். சிலருக்கு பேட்டரிக் கடை, அதிலும் ஈயம்தான். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை ஓடி வரும், தூக்காமல் இருக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் முதலில் கிணற்றடியில் கைகால் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத் தூக்குங்கள். அந்தச் சட்டையைக் குழந்தைத் துணியோடு ஊறப்போடாதீர்கள்.

இனி பள்ளி வேலை. விடுமுறையின் முதல் நான்கு நாட்கள் பழைய பெயிண்டைச் சுரண்டுவார்கள். இந்த முறை தண்ணீர் தெளித்து ஈரமாக்கித்தான் சுரண்ட வேண்டும், தரையில் தார்ப்பாய் விரிக்க வேண்டும் என்று பேசி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். செதில்களை மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்துவோம். எதையும் எரிக்க மாட்டோம். அந்த நான்கு நாட்களும் அங்கன்வாடி ஊர் மந்தையில் இருக்கும் சமுதாயக் கூடத்தில் நடக்கும். ஐந்தாம் நாள் தாழ்வாரம் முழுவதையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உதவிக்கு நான்கைந்து பேர் வந்தால் நன்றாக இருக்கும். கர்ப்பிணிகள் வர வேண்டாம், கைக்குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி