தோண்டறதுக்கு முன்னாடியே அளந்து வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திறந்தவெளி நிலக்கரி சுரங்கம் பத்தி செய்தி வர்றப்பல்லாம் ரெண்டு பேச்சுதான் அடிபடுது. சுரங்கம் வந்தப்புறம்தான் தண்ணி இறங்கிப்போச்சுன்னு கிணத்துக்காரங்க சொல்றாங்க, மழை இல்ல, நீங்களே போர் போட்டு உறிஞ்சிட்டீங்கன்னு சுரங்கத்துக்காரங்க சொல்றாங்க. நான் பல வருஷம் போர்ல தண்ணி அளவெடுக்கற வேலைல இருந்தவன். யார் சொல்றது சரின்னு கண்டுபிடிக்கணும்னா முதல்ல ஒரு கணக்கு கையில இருக்கணும். மண்ணுல மெஷின் இறங்கறதுக்கு முன்னாடி அந்த கிணத்துல தண்ணி எத்தனை மீட்டர்ல இருந்துச்சு, அதுல என்னென்ன கலந்து இருந்துச்சு, கோடைல எப்படி, மழை முடிஞ்சு எப்படின்னு குறைஞ்சது ஒரு முழு வருஷம் எழுதி வச்ச கணக்கு. அது இல்லாம எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சாலும் கிணத்துக்காரர் வாய்ப்பேச்ச தவிர வேற எதையும் காட்ட முடியாது.

சுரங்கத்துக்குள்ள தண்ணி நிக்காம இருக்கணும்னா இறைச்சுகிட்டே இருக்கணும். நெய்வேலில பழுப்பு நிலக்கரிக்கு அடியில இருக்கற ஊத்து, அதாவது தண்ணி நிறைஞ்ச மண்ணடுக்கு, அழுத்தத்தோட மேல தள்ளும், ராத்திரி பகலா போர் வழியா இறைச்சாத்தான் கீழ வேலை பார்க்க முடியும். இறைக்க இறைக்க சுத்துப்பட்டு நீர்மட்டம் புனல் மாதிரி குழிஞ்சு இறங்கும், அந்த புனல் எவ்ளோ தூரம் விரியும்ங்கறது அடியில இருக்கறது மணலா களியா பாறையாங்கறத பொறுத்தது. அதனால வேலி ஓரமா மட்டும் ரெண்டு அப்சர்வேஷன் போர் (தண்ணி இறைக்க இல்ல, அளக்க மட்டும் போடற போர்) போட்டுட்டு கண்காணிக்கறோம்னு சொன்னா பத்தாது. புனல் எட்டாத தூரத்துலயும் ஒண்ணு ரெண்டு வேணும், ஏன்னா மழை பொய்ச்சா அங்கயும்தான் இறங்கும், அங்க இறங்காம இங்க மட்டும் இறங்குச்சுன்னா மழைமேல பழி போட முடியாது. அதே மாதிரி மேல் ஊத்துக்கு ஒரு பைப், நிலக்கரி படுகைக்கு ஒரு பைப், அதுக்கு கீழ இருக்கற ஊத்துக்கு ஒரு பைப்னு தனித்தனியா வேணும், எல்லாத்தையும் ஒரே போர்ல திறந்து விட்டா எந்த ஊத்து மட்டத்த அளக்கறோம்னே தெரியாது.

அளக்கறதும் லேசுன்னு நினைக்காதீங்க. டேப்ப பைப்புக்குள்ள விடுவோம், நுனி தண்ணிய தொட்டதும் பீப்னு சத்தம் வரும், பைப் வாய்ல பெயிண்ட்ல போட்ட கோட்டுக்கு நேரா எத்தனை மீட்டர்னு பார்த்து எழுதணும், ஒவ்வொரு தடவையும் அதே கோடுதான். பக்கத்துல மோட்டார் ஓடிட்டு இருந்தா அந்த அளவு செல்லாது, நிறுத்தி தண்ணி பழைய மட்டத்துக்கு ஏறற வரைக்கும் காத்திருக்கணும். அவசரத்துல மோட்டார் நின்ன அஞ்சாவது நிமிஷம் எடுத்த அளவெல்லாம் ரிப்போர்ட்ல ஏறினத நானே பார்த்திருக்கேன், இன்னிக்கும் மனசு ஆறல.

தரம்தான் இன்னும் கஷ்டம். ஒரு போர்ல பாட்டில்ல பிடிச்சா தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், ஜீப் மேல வச்சுட்டு அரை மணி கழிச்சு பார்த்தா லேசா செம்மஞ்சளா மாறி அடியில துரு மாதிரி படிஞ்சிருக்கும். தண்ணில கரைஞ்சிருந்த இரும்பு காத்து பட்டதும் பிரிஞ்சு உக்காந்துடுது. இத அங்கயே வடிகட்டி ஆசிட் விட்டு மூடலன்னா லேப்ல கரைஞ்ச இரும்பு கம்மின்னுதான் வரும், பேப்பர்ல எல்லாம் நல்லா இருக்கும், ஊர் ஜனங்க அந்த தண்ணியத்தான் குடிச்சிட்டு இருப்பாங்க. பைப்புல தேங்கின பழைய தண்ணிய வெளிய விடாம பிடிச்ச சாம்பிளும் இதே கதைதான்.

தண்ணி அமிலமா காரமான்னு காட்டற பிஹெச் மட்டும் பார்த்துட்டு, நடுநிலையா ஏழு இருக்கு, பயமில்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நிலக்கரியோட வர்ற பைரைட்ங்கற கந்தக இரும்பு, காத்தும் தண்ணியும் பட்டா அமிலமா மாறும். பக்கத்துல சுண்ணாம்பு பாறை இருந்தா அமிலம் அடங்கிடும், பிஹெச் மாறவே மாறாது, ஆனா அந்த கந்தகத்துலேர்ந்து வர்ற சல்பேட்டும், தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட மொத்த அளவான டிடிஎஸ்ஸும் ஏறிட்டே போகும். அதனால சல்பேட், டிடிஎஸ், இரும்பு, மாங்கனீஸ் எல்லாத்தையும் நீர்மட்டத்தோட சேர்த்து ஒரே தாள்ல வரிசையா பார்க்கணும், அப்பதான் என்ன நடக்குதுன்னு புரியும்.

எனக்கு ரொம்ப கவலை சுரங்கம் மூடினதுக்கு அப்புறம்தான். பம்ப்ப நிறுத்தினதும் தண்ணி மெதுவா திரும்பி ஏறும், அதுக்கு பல வருஷம் ஆகலாம், ஏறறப்போ குழிய நிரப்பின உடைஞ்ச மண்ணு கல்லு வழியாத்தான் வரணும், அதுல இருக்கற உப்பையும் சல்பேட்டையும் கரைச்சுகிட்டு வரும். மட்டம் ஏறுது பாருங்கன்னு சந்தோஷப்படற அதே நேரத்துல தரம் கெட ஆரம்பிக்கும், அப்ப அளக்க ஆளே இருக்காது. அமெரிக்கால 1977ல கொண்டு வந்த திறந்தவெளி சுரங்க சட்டத்துல, சுரங்கத்தால ஒருத்தர் தண்ணி கெட்டாலோ குறைஞ்சாலோ சுரங்கக்காரரே மாத்து தண்ணி குடுக்கணும்னு இருக்கு, அதுக்கு கீழ வந்த விதிப்படி 3 மாசத்துக்கு ஒரு தடவை அளவ ஒப்படைக்கணும், நிலத்த சீர்படுத்தி முடிக்கற வரைக்கும் அளக்கறத விடக்கூடாது. நம்ம நாட்லயும் பல சுரங்கங்களுக்கு சுற்றுச்சூழல் அனுமதி குடுக்கறப்பவே வருஷத்துக்கு நாலு தடவை நீர்மட்டம் பார்க்கணும்னு நிபந்தனை போடறாங்க. ஆனா அந்த தாள் கிணத்துக்காரர் கைக்கு வர்றதில்ல, வந்தாலும் வெறும் நம்பரா இருக்கு, போன வருஷம் இதே மாசம் என்ன இருந்துச்சுன்னு பக்கத்துல போட்டிருக்காது.

ஆசிரியர்கிட்ட ஒரு வேண்டுகோள். அணை நீர்மட்டம் தினமும் போடறீங்களே, அதே பெட்டிக்கு கீழ மாசம் ஒரு நாளாவது சுரங்கப் பகுதி அப்சர்வேஷன் போர்களோட மட்டத்தையும் சல்பேட் அளவையும் போன வருஷ அளவோட சேர்த்து போடுங்க. அளவு கிடைக்கலன்னா, கேட்டோம், குடுக்கலன்னாவது ஒரு வரி போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்