புதுப் பெயின்ட்டை நம்பாதே, அமுதா

காசிமேடு, சென்னை

அன்பு மகள் அமுதாவுக்கு,

நீ வாங்க நினைக்கும் லேசர் படகின், அதுதான் ஒருவர் ஓட்டும் அந்தச் சின்னப் பாய்ப்படகின், படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பல வருடம் ஓடிய படகு, ஆனால் நேற்று அடித்ததுபோல் வெள்ளைப் பெயின்ட். விற்கிறவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். இருந்தாலும் அந்தப் பளபளப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஃபைபர் படகுக்கு நிறத்தைக் கொடுப்பது பெயின்ட் அல்ல, படகை வார்க்கும் மோல்டில் முதலில் பூசுகிற ஜெல் கோட் என்ற நிறப் பூச்சு. அதற்கு மேல் ஒருவர் பெயின்ட் அடித்திருக்கிறார் என்றால், ஒன்று ஜெல் கோட் தேய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எதையோ மூடியிருக்க வேண்டும். வெளுத்துப்போய், கீறல் விழுந்து, அழுக்கேறிய படகாக இருந்திருந்தால் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். அதன் குறை வெளியே தெரியும்.

சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் நிறைந்ததிலிருந்து என் பிழைப்பே மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பும் அதை இறுக்கிப் பிடிக்கிற ரெசினும்தான். நம் படகு வலையும் மீனும் சுமக்கிறது, உன் படகு பாயும் உன்னையும் சுமக்கப் போகிறது. இரண்டுக்கும் உடம்பு ஒன்றே, வரும் நோயும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே நான் சொல்வதைப் படகின் பக்கத்தில் நின்று செய்துபார்.

முதலில் படகைக் கவிழ்த்துப் போடச் சொல். அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், அருகே குனிந்து, கண்ணை அடிப்பாகத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து நீளவாக்கில் பார். டார்ச் வெளிச்சத்தையும் பக்கவாட்டில் சாய்த்து அடி. நேரே பார்த்தால் தெரியாத பள்ளமும் மேடும் அப்போது நிழலாகத் தெரியும். டிரெய்லரில் வருடக்கணக்கில் கிடந்த படகு என்றால், அது தாங்கி நின்ற இடங்களில் அடிப்பாகம் உள்வாங்கியிருக்கும். அங்கே விரலால் அழுத்து. உள்ளே அமுங்கினால் அந்தப் படகு வேண்டாம்.

அடுத்து ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிக்கொண்டே போ. பானை வாங்கும்போது உன் அம்மா தட்டிப் பார்ப்பாளே, அப்படித்தான். அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடம் கணீரென்று சொல்லும். பிரிந்துபோன இடமும் உள்ளே நீர் ஏறிய இடமும் மொத்தென்று அடங்கிவிடும். மேல்தளம், மெல்லிய ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே ஃபோம் வைத்துச் செய்தது. காலை வைத்தால் மெத்தென்று இறங்குகிறதா என்று பார். ஒட்டுப்போட்ட இடம் கிடைத்தால் அதைச் சுற்றி இன்னும் கவனமாகத் தட்டு. இங்கே ஐப்பசி மழையில் ஈரம் உறிஞ்சிய மேட்டைப் போட்டால் ரெசின் பிடிக்காது. பார்வைக்கு ஒட்டியதுபோலத்தான் இருக்கும், சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். ஒட்டு இருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. விளிம்பை அகலமாகச் சரிவாக இழைத்து, அடுக்கடுக்காக மேட் போட்டுச் செய்த ஒட்டு பல வருடம் நிற்கும். உடைந்த இடத்தை வெறும் பட்டிப் பசையால் அடைத்து மேலே பெயின்ட் பூசியிருந்தால்தான் பயம்.

விரிசல்களைப் பார்த்ததும் பதறாதே. அவை ஓடும் விதத்தைப் படி. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் விரிந்தால் அங்கே ஏதோ மோதியிருக்கிறது. பெரும்பாலும் ஜெல் கோட்டோடு நின்றிருக்கும், சரிசெய்துவிடலாம். பக்கம் பக்கமாக நீளக் கோடுகள் ஓடினால் அந்த இடம் ஒவ்வோர் அலையிலும் வளைந்து நிமிர்கிறது, உள்ளே இருக்கும் ஃபைபரே தளர்ந்துவிட்டது. அடியில் பருப்பு அளவில் கொப்புளங்கள் இருந்தால், விற்கிறவரிடம் கேட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பார். வினிகர் வாசனையோடு நீர் கசிந்தால் ஜெல் கோட்டுக்குப் பின்னால் நீர் புகுந்து ரெசினைக் கெடுத்திருக்கிறது. கரையில் காய வைக்கும் சின்னப் படகுக்கு இது எளிதில் வருவதில்லை. வந்திருந்தால் நீண்ட நாள் நீரிலேயே கிடந்திருக்கிறது என்று அர்த்தம்.

லேசரில் எனக்கு மிகவும் பயம் பாய்மரம் நிற்கும் குழிதான். காற்றின் விசை முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்துவிட்டு அரை மணி நேரம் காத்திரு. மட்டம் இறங்கினால் குழியின் அடி விட்டிருக்கிறது, அந்த நீர் படகின் வயிற்றுக்குள் போகிறது. பிறகு பாய்மரத்தின் கீழ்த்துண்டை நட்டு நான்கு பக்கமும் அசை. சுற்றியிருக்கும் தளம் முனகக் கூடாது.

எடையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதே. வெறும் உடல் ஏறத்தாழ 59 கிலோ இருக்க வேண்டும். வீட்டில் எடை பார்க்கும் கருவிகள் இரண்டை அணியத்தின் கீழும் பின்பக்கத்தின் கீழும் வைத்துக் கூட்டிக்கொள். ஐந்தாறு கிலோ கூடினாலே நீர் உள்ளே ஊறியிருக்கிறதா என்று கேள். பின்பக்க வடிகால் துளையில் குழாயைச் செருகி வாயால் மெதுவாக ஊதி, தளமும் உடலும் சேரும் விளிம்பு முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார். குமிழி கிளம்பினால் அங்கே ஓட்டை. தளத்தில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்கும், அதை விரலால் அடைத்துக்கொள். யாராவது கம்ப்ரசர் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல். அந்த அழுத்தத்தில் நல்ல இணைப்பும் பிளந்துவிடும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே துறைமுகத்துக்குள் பாய்ப்படகு ஓட்டும் பிள்ளைகள் கவிழ்ந்தால் வெதுவெதுப்பான நீரில் விழுகிறார்கள், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்கிறது. உன் மெல்போர்னில் குளிர்காலத்தில் வளைகுடா நீர் 10, 12 டிகிரிக்கு இறங்கிவிடும் என்கிறார்கள். உள்ளே நீர் ஏறிய படகு கவிழ்ந்தால் நிமிர்த்துவது கடினம். அந்தக் குளிரில் நீ அதைப் பிடித்துக்கொண்டு கிடப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேய்த்தால் கட்டைவிரலில் வெள்ளைப் பொடி ஒட்டுவது, மேலோட்டக் கீறல், நைந்த கயிறு, பழைய பாய் இவற்றுக்காக நல்ல படகை விட்டுவிடாதே. விலையைக் குறைத்துக் கேள், போதும். பாயும் பெரியதா சின்னதா என்று விசாரி. உன் எடைக்கு 7 சதுர மீட்டர் பாய் அதிகம். நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இதே உடல்தான், ஆனால் சின்னப் பாய், அதற்கேற்ற குட்டையான பாய்மரக் கீழ்த்துண்டு.

சனிக்கிழமை படகைப் பார்க்கப் போகும்போது என்னைக் கூப்பிடு. போனைத் தளத்தில் வைத்துவிட்டு அணியத்திலிருந்து நாணயத்தால் தட்டிக்கொண்டே வா, மெதுவாக. சத்தத்தைக் கேட்டு நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா