எழுத்தின் வகைகளைத் தனித்தனியே கற்பிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் எழுத்துப் பயிற்சி என்றாலே கட்டுரை என்றும், கட்டுரை என்றாலே முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்றும் பழக்கிவிடுகிறோம். கதை சொல்வதற்கும், ஒன்றை விளக்குவதற்கும், தம் கருத்தைப் பிறர் ஏற்கச் செய்வதற்கும் வெவ்வேறு ஒழுங்கு உண்டு என்பதை யாரும் காட்டித் தராததால், சொல்ல எவ்வளவோ இருக்கும் பிள்ளைகள்கூட எல்லாவற்றையும் ‘இது மிகவும் பயனுள்ளது’ என்ற வரியில் கொண்டுபோய் முடிக்கிறார்கள்.

செய்முறை எழுதுவதையே எடுத்துக்கொள்வோம். காகிதக் கப்பல் செய்யும் விதத்தை ஒரு மாணவி எழுத, பக்கத்தில் இருப்பவர் அதில் உள்ளபடி மட்டுமே செய்ய வேண்டும் என்று வைத்தால், ‘தாளைப் பாதியாக மடிக்கவும்’ என்ற முதல் வரியிலேயே கை நின்றுவிடும். நீளவாக்கிலா, அகலவாக்கிலா? எழுதியவர் உடனே பென்சிலை எடுத்து அந்தச் சொல்லைச் சேர்ப்பார். படிப்பவருக்கு என்ன தேவை என்பதை இதைவிட நன்றாக எந்த இலக்கணப் பாடமும் உணர்த்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

நூலகப் பாடவேளையை நீட்டிக்கக் கோரித் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுவது வேறு வகை. ‘எங்களுக்குப் பிடிக்கும்’ என்பது விருப்பம்; ‘புத்தகத்தைத் தேடி எடுப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது’ என்பதே காரணம். மற்றப் பாடங்களுக்கு நேரம் குறையுமே என்று அவர் கேட்கக்கூடியதற்கும் கடிதத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1980களில் ஜே. ஆர். மார்ட்டின் உள்ளிட்ட மொழியியலாளர்கள், தொடக்கப்பள்ளி எழுத்து பெரும்பாலும் கதையிலும் அனுபவக் குறிப்பிலுமே நின்றுவிடுவதைக் கண்டு, ஒரு கற்பித்தல் முறையை வகுத்தார்கள். முதலில் அந்த வகையில் நல்ல மாதிரி ஒன்றைப் படித்து அதன் அமைப்பை ஆராய வேண்டும். அடுத்து ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து எழுத வேண்டும். அதன் பிறகே தனியாக எழுதச் சொல்ல வேண்டும். நம் வகுப்புகளில் விடுபடுவது பெரும்பாலும் அந்த நடுப்படிதான். பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதி, ‘இந்த வரி முன்னால் போகட்டுமா?’ என்று கேட்டு, அழித்து மாற்றி எழுதும்போதுதான் எழுத்து எப்படி உருவாகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். அமெரிக்கக் கல்வித்துறையின் ஆய்வு நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, முதல் வகுப்பிலிருந்தே நாளுக்கு 1 மணி நேரம் எழுத்துக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதில் ஒரு பகுதியைப் பிற பாடங்களோடு இணைத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. அறிவியல் பாடத்தில் செடி வளர்வதைக் குறித்துவைப்பதும் எழுத்துப் பயிற்சியே.

தங்கள் இதழின் சிறுவர் பகுதியில் கதை, கவிதைகளோடு, பிள்ளைகள் எழுதும் செய்முறைகளையும் விளக்கங்களையும் கருத்துக் கடிதங்களையும் வெளியிட்டால், ஆசிரியர்களுக்கு வகுப்பில் காட்ட மாதிரிகள் கிடைக்கும். இதைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்