'ஜவ்வு விலகிடுச்சு' என்று சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த முதுகுவலிக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அக்கறையோடு எழுதிய கட்டுரைதான். ஆனால் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) விலகினால், அதைத் தேர்ந்த கைகளால் பழைய இடத்துக்கே தள்ளிவிடலாம் என்ற ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. திருச்சியில் 22 வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். முதல் பத்து வருடம் அதே வரியை நானும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். இட்லிக் கடை நடத்துகிறார், ஐம்பதைத் தாண்டிய வயது. துணிக்கடைப் பையில் ஸ்கேன் படம். நாற்காலியில் உட்காரும்போதே இரண்டு கைகளையும் ஊன்றி, முதுகை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எல் ஃபோர், எல் ஃபைவ் போச்சு தம்பி. குனிஞ்சா நரம்பு அறுந்துடும்னு சொல்லிட்டாங்க" என்றார். கீழ்முதுகின் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகளைத்தான் அப்படிச் சொன்னார். எட்டு மாதமாகப் பேரனைத் தூக்கவில்லையாம். கீழே விழுந்த சில்லறையை எடுக்கக்கூட அந்தப் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறாராம்.

காலில் பலம், உணர்ச்சி, தட்டினால் தானாக உதறும் அனிச்சைச் செயல் எல்லாம் பார்த்தேன். எதிலும் குறையில்லை. அப்புறம் அவரைப் பக்கவாட்டில் படுக்கச் சொல்லி, இடுப்புக்கு மேலே உள்ளங்கையை வைத்தேன். அழுத்தவில்லை. தோலை மட்டும் மெதுவாக ஒரு பக்கம் இழுத்து அப்படியே பிடித்திருந்தேன். முதலில் மூச்சு மேலோட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம் இருக்கும், ஒரு பெரிய மூச்சு விட்டார். காதை நோக்கி ஏறியிருந்த தோள்பட்டை இறங்கியது. கைக்குக் கீழே கல் மாதிரி இருந்த சதை இளகியது. எழுந்து உட்கார்ந்ததும் தரையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் தானே குனிந்து எடுத்தார். பாதி குடித்த பிறகுதான், தான் குனிந்ததே அவருக்கு உறைத்தது.

அந்த மூன்று நிமிடத்தில் அவருடைய ஜவ்வு ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. அன்றைக்கே மறுபடி ஸ்கேன் எடுத்திருந்தால் அதே படம்தான் வந்திருக்கும். மாறியது அவருடைய நரம்பு மண்டலம். இந்த இடம் ஆபத்து, அசையாதே என்று எட்டு மாதமாகக் காவல் காத்த மூளைக்கு, பயமில்லை என்று தோல் வழியாக ஒரு செய்தி போனது, அவ்வளவுதான்.

இதைச் சொல்வதில் நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. புறங்கையில் பச்சையாகத் தெரியும் ரத்தக்குழாயும் நமக்கு நரம்புதான், குதிகாலுக்கு மேலே இருக்கும் நாணும் நரம்புதான். அதனால் நரம்பு என்றதும் எங்கோ ஒரு கயிறு சிக்கிக்கொண்டது, சுருண்டுகொண்டது என்றே மனசில் படம் வருகிறது. நான் சொல்வது கயிறு இல்லை. மூளை, தண்டுவடம், தோல்வரை பரவிய நரம்பிழைகள் எல்லாம் சேர்ந்து, உடம்புக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று ஓயாமல் கணித்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு.

கைவைத்தியம் எலும்பை நகர்த்துகிறதா என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1998இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், பத்துப் பேரின் இடுப்பெலும்பில் கடுகைவிடச் சிறிய உலோக மணிகளைப் பதித்து, மூட்டைச் 'சரிசெய்வதற்கு' முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்து அளந்தார்கள். கையால் தொட்டுப் பார்த்தவர்கள் சரியாகிவிட்டது என்றார்கள். படத்திலோ மூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளங்கால் சவ்வு போன்ற கெட்டியான உறைகளை ஒரு சதவீதம் அமுக்கவோ நகர்த்தவோகூட மனிதக் கையால் கொடுக்க முடியாத அளவு விசை வேண்டும் என்று 2008இல் கணித மாதிரி போட்டுக் காட்டினார்கள். சலூனில் கழுத்தைத் திருப்பும்போது வரும் சொடக்குச் சத்தமும் எலும்பு ஏறி உட்கார்ந்த சத்தம் இல்லை. மூட்டு நீருக்குள் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது. (அந்தக் கழுத்துச் சொடக்கை மட்டும் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அபூர்வமாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது.)

அப்படியானால் சுளுக்கு வழித்துவிட்ட பாட்டிகள் எல்லாரும் ஏமாற்றினார்களா? இல்லவே இல்லை. அவர்கள் கொடுத்த நிவாரணம் உண்மை. குழந்தை தலையை இடித்துக்கொண்டால், அம்மா ஓடிவந்து உள்ளங்கையால் பரபரவென்று தேய்க்கிறாள், அழுகை நிற்கிறது. தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பிழைகள், தண்டுவடத்திலேயே வலிச் செய்திக்குக் கதவைப் பாதி சாத்திவிடுகின்றன என்று மெல்சாக், வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவர் 1965இல் எழுதினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கோட்பாட்டில் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன, அடிப்படை மட்டும் நிற்கிறது. மெதுவான வருடலுக்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் இருப்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. விநாடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் தடவினால்தான் அவை நன்றாக விழிக்கின்றன. ஏறக்குறைய குழந்தையைத் தட்டித் தடவித் தூங்கவைக்கும் வேகம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் செய்ததையும் நினைத்துப் பாருங்கள். கை வெட்டப்பட்டவர்களுக்கு, இல்லாத கையில் வலி. ஒரு பெட்டியில் கண்ணாடியை வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கை இருந்த இடத்தில் தெரியவைத்தார். சிலருக்கு இறுகிக் கிடந்த அந்தக் கை விரிந்தது போலிருந்தது, வலி குறைந்தது. கையே இல்லாத இடத்தில் எந்த எலும்பை நேராக்கியிருக்க முடியும்?

வலி வெறும் மனப்பிரமை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அம்மாவின் வலி நூற்றுக்கு நூறு நிஜம். ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதும் உண்டு. அதிலும் பல தானாகவே சுருங்கிவிடுகின்றன. காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ, முதுகுவலியோடு காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தாலோ பிசியோவைத் தேட வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றவர்களுக்கு, ஸ்கேனைவிட ஸ்கேனைப் பற்றி நாம் சொல்லும் வார்த்தைதான் பெரிய காயம் என்பது என் அனுபவம். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. ஐம்பது வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம், 60 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம். இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம். தலைமுடி நரைப்பது மாதிரிதான் இது. இதை அந்த அம்மாவிடம் முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அவருக்கு எட்டு மாதம் வீணாகியிருக்காது.

அதனால் இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை முதுகுவலி பற்றி வெளியிடும்போது, ரத்தச் சிவப்பில் ஜவ்வு பிதுங்கித் தெறிக்கும் அந்தப் படத்தைப் போடாதீர்கள். என் அறைக்கு வரும் பாதிப் பேர் அதை மனசில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார்கள். அந்த இடத்தில், மேலே சொன்ன 80, 60, 37 என்ற மூன்று எண்களைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போடுங்கள். துணிக்கடைப் பையில் ஸ்கேன் படத்தோடு அந்தப் பக்கத்தையும் சேர்த்து எடுத்துவருவார்கள்.

அன்புடன்,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
திருச்சி.