சிம்மக்கல் வங்கியில் அம்மாவைக் காப்பாற்றிய தங்கைக்கு நன்றி

திங்கட்கிழமை காலை மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு வங்கியில், என் அம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்ற தங்கைக்கு இந்த நன்றி. பெயர் கேட்பதற்குள் திருமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டீர்களாம்.

மும்பை போலீஸ் என்று சொல்லிக்கொண்டு, சீருடையில் ஒருவன் வாட்ஸ்அப் வீடியோ காலில் அம்மாவை மிரட்டியிருக்கிறான். அம்மாவின் ஆதாரில் எடுத்த சிம் கார்டு போதைப்பொருள் வழக்கில் சிக்கியிருக்கிறதாம். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, பிள்ளைகளிடம்கூடச் சொல்லக் கூடாதாம். வைப்புநிதியை உடைத்து "சரிபார்க்க" அனுப்பச் சொன்னான். எனக்கு இப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

அம்மாவின் கை நடுங்கியதை மற்றவர்களும் பார்த்திருப்பார்கள். நீங்கள்தான் கேட்டீர்கள். "அம்மா, போனை வைங்க. எந்தப் போலீசும் வீடியோ காலில் கைது பண்ண மாட்டாங்க. டிஜிட்டல் அரெஸ்ட்னு சட்டத்திலேயே கிடையாது" என்று சொல்லி நீங்களே துண்டித்தீர்கள். அப்புறம் அம்மாவின் போனிலேயே மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தைத் திறந்து, மோசடி அழைப்புகளைப் புகார் செய்யும் 'சக்ஷு' பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்தீர்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும், சீக்கிரம் சொன்னால்தான் அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு என்று பாஸ்புக் அட்டையில் எழுதியும் கொடுத்தீர்கள்.

அப்பா போன பிறகு அம்மாவுக்கு இருப்பது அந்த வைப்புநிதி மட்டும்தான், தங்கச்சி. இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள். அம்மா உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும் என்கிறார்.