மீனம்பாக்கம் போகும் தம்பிக்கு: கொக்கி கடைசி வேலை

அன்புள்ள தம்பிக்கு,

விமான நிலைய போலீஸுக்கு ரெக்கவரி வண்டி ஓட்டப் போகிறாய் என்று அம்மா சொன்னார்கள். வேலூர் கொணவட்டத்தில் லோடு லாரி இழுத்துப் பழகிய கைக்கு, டெர்மினல் வாசலில் நிற்கிற ஒரு ஸ்விஃப்டை நகர்த்துவது என்ன பெரிய வேலை என்று தோன்றும். பலத்தைப் பொறுத்தவரை ஒன்றுமே இல்லைதான். ஆனால் பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயில் வண்டிக்காரனே உன்னைக் கூப்பிடுகிறான், சாவியையும் கையில் கொடுக்கிறான். அங்கே ஆள் இருக்க மாட்டான், சாவி இருக்காது, திரும்பி வந்தால் சண்டைக்குத்தான் வருவான். அதனால் கொக்கி மாட்டுவதற்கு முன்னால் இருக்கும் கால் மணி நேரத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

யார் சொல்லித் தூக்குகிறாய் என்பது முதல் கேள்வி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவை ஒரு முறையாவது படித்துவிடு. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விட்ட வண்டியையும், நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திய வண்டியையும் இழுத்துப் போகவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ அனுமதி தருவது, அந்த எல்லைக்குள் அதிகாரமுள்ள, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி. நிற்கிற நிலையே போக்குவரத்துக்கு ஆபத்து என்றால் 10 மணி நேரக் கணக்கெல்லாம் இல்லை, உடனே எடுக்கச் சொல்லலாம். இழுத்த செலவு உரிமையாளர் தலையில். உன் சட்டையில் என்ன ஒட்டியிருந்தாலும் நீ உத்தரவு போடும் ஆள் கிடையாது. வாசலில் காவலுக்கு நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை) ஜவான் விசில் ஊதிக் கை காட்டுவார். கை காட்டியது உத்தரவு ஆகாது. சொன்ன அதிகாரியின் பெயர், நேரம், இடம் மூன்றையும் லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் உன் வண்டியைப் பின்னால் எடு.

ஆளில்லாத வண்டி என்றால் இன்னொரு படி இருக்கிறது. வெடிகுண்டு கண்டறியும் பிரிவு பார்த்து முடித்துச் சரி என்று சொல்லும் வரை அதைத் தொடாதே. கதவை இழுத்துப் பார்ப்பது, கண்ணாடியில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்ப்பது, பம்பரை அசைத்து ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று சோதிப்பது எல்லாம் நம் கைக்குத் தானாக வரும் பழக்கம். அங்கே விட்டுவிடு. வாக்கி டாக்கியையும் செல்போனையும் அந்த வண்டிக்குப் பக்கத்தில் இயக்காதே. பெரும்பாலும் அது நம்ம ஆம்பூர், பேரணாம்பட்டு ஆட்கள் துபாய்க்கு ஆள் ஏற்றிவிட வந்து, அஞ்சே நிமிஷம் என்று இறங்கிப் போன வண்டியாகத்தான் இருக்கும். டி.என். 23 என்று நம்ம வேலூர் நம்பரைப் பார்த்ததும் ஊர்ப்பாசத்தில் முறையைத் தாண்டிவிடாதே.

அடுத்து போட்டோ. முன், பின், இரண்டு பக்கம், நான்கு சக்கரம், நான்கு மூலை, கூரை. அது நிற்கும் இடத்தையும் அங்குள்ள தடைப் பலகையையும் சேர்த்து ஒன்று. கண்ணாடி வழியாகத் தெரியும் பை, லேப்டாப், செல்போன் எல்லாம் படத்தில் வர வேண்டும். கீறல் இருந்தால் கிட்டப் போய் எடு. பம்பர் கீறலுக்குத்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பஞ்சாயத்து வரும், அதற்குப் பதில் சொல்ல உன்னிடம் படம் தவிர வேறு எதுவும் இருக்காது.

இப்போது வண்டிக்கு வா. எந்தச் சக்கரம் ஓட்டும் சக்கரம் என்று தெரியாமல் தூக்காதே. ஆல்டோ, ஸ்விஃப்ட், டிசையர், ஐ20, எட்டியோஸ் எல்லாம் முன் சக்கரம் இழுக்கும் வண்டி. முன்பக்கம் தூக்கிப் பின்பக்கம் உருட்டலாம். பொலேரோ, ஸ்கார்ப்பியோ, ஈக்கோ பின் சக்கரம் தள்ளும் வண்டி. இன்னோவாவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: கிரிஸ்டாவுக்குப் பின் சக்கரம், ஹைகிராஸுக்கு முன் சக்கரம். இரண்டும் டாக்சியாக வரும், பின்னால் எழுதியிருப்பதைப் படி. பின் சக்கர வண்டியை முன்னால் தூக்கி நியூட்ரலில் உருட்டினால் என்ன என்று கேட்பார்கள். எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸில் எண்ணெயில் முங்கியிருக்கும் அடித்தண்டு சுற்றாது, எண்ணெய் மேலே அடிக்காது, ஆனால் உருளும் சக்கரம் மேலே உள்ள மெயின் ஷாஃப்ட்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். சூடேறிப் பிடித்துவிடும். லாரி இழுக்கும்போது ஆக்ஸில் உருவி, ஹப் வாயை மூடி இழுக்கிறோமே, அதே காரணம்தான். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் பம்ப் எஞ்சினோடு சேர்ந்தே நின்றுவிடுவதால் இன்னும் மோசம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, மின்சார வண்டி, ஹைபிரிட் மூன்றுக்கும் காரை முழுதாக மேலே ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் தவிர வேறு வழி யோசிக்காதே. மின்சார வண்டியில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். அடிபட்ட மின்சார வண்டியில் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதே, யார்டில் மற்ற வண்டிகளை விட்டு நன்றாகத் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்து. தீப்பிடித்து அணைந்த பேட்டரி மணிக்கணக்கில் கழித்தும் மறுபடி பற்றலாம்.

பார்க்கிங்கில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிதான் உனக்கு அதிகம் கிடைக்கும், அதில்தான் பொறுமை வேண்டும். 12 வோல்ட் பேட்டரி செத்துப்போயிருக்கும். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் கதவு திறக்காது, கியர் பி-யில் (பார்க்கிங்) பூட்டிக்கொண்டிருக்கும், எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் இறங்காது. சாவி உரிமையாளரோடு ஷார்ஜாவில் இருக்கும். உரிமையாளர் வந்து சாவி கொடுத்தால் ரிமோட்டின் முதுகில் ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும், அதை உருவிக் கதவைத் திற. வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கும் பூஸ்டரின் சிவப்பு கிளிப்பைப் பாசிட்டிவில் கொடு, கறுப்பைப் பேட்டரியில் கொடுக்காமல் எஞ்சினின் வெறும் இரும்பில் கடி. செத்த பேட்டரியின் மேல் வாயு நின்றிருக்கும், தீப்பொறி அங்கே வேண்டாம். பிரேக்கை மிதித்து நியூட்ரலுக்கு எடு, ஹேண்ட் பிரேக் பட்டனை இறக்கு. சில வண்டிகள் ஆஃப் செய்ததும் தானாகவே பி-க்குத் திரும்பிவிடும், அதனால் ஏற்றி முடிக்கும் வரை பூஸ்டரைக் கழற்றாதே. லிவர் உள்ள பல ஆட்டோமேட்டிக்கில் கியர் லிவர் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு மூடி இருக்கும். அதைத் திருப்புளியால் நெம்பி, உள்ளே அழுத்திக்கொண்டே லிவரை இழுத்தால் கரண்ட் இல்லாமலே நியூட்ரலுக்கு வரும்.

சாவி இல்லை என்றால் சக்கரத்தைச் சுற்ற வைக்கப் போராடாதே. டயருக்கடியில் வீல் ஸ்கேட் (சின்னச் சக்கரம் வைத்த பலகை) கொடுத்து நான்கையும் தரையிலிருந்து விடுவி. முன் சக்கர வண்டியை முன்னால் தூக்கினாலும், ஹேண்ட் பிரேக் இருப்பது பின் சக்கரத்தில். அப்படியே இழுத்தால் டயர் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். பின்னால் தூக்கினால் ஸ்டியரிங் லாக் ஆகி முன் சக்கரம் ஒரு பக்கம் திரும்பி நிற்கும், வண்டி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும். மாடி பார்க்கிங்கில் உன் பிளாட்பெட் நுழையாது. உயரத் தடுப்பை நாடா வைத்து அளந்து, உன் வண்டியின் உயரத்தோடு எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவை.

சரிவில் இறக்கும்போது கணக்கு எளிது: ஒரு டிகிரி சரிவுக்கு எடையில் 60-ல் ஒரு பங்கு. 1,200 கிலோ கார், 10 டிகிரி என்றால் 200 கிலோ. பாலாற்று மணலில் மட்கார்டு வரை புதைந்த வண்டிக்கு அதன் எடையைப் போல இரு மடங்கு இழுவை வேண்டும் என்று உனக்குத் தெரியும். அதைப் பார்த்தால் இது விளையாட்டு. ரோப்பைச் சுற்றி இழுக்கும் வின்சுக்குத்தான் விளையாட்டு. ஸ்கேட் மேல் நிற்கும் காருக்கு பிரேக் கிடையாது, ரோப் நழுவினால் அந்த 200 கிலோவும் கீழே நிற்பவன் மேல் வரும். ரோப் இறுகிய பிறகுதான் முட்டுக்கட்டையை எடு. வின்ச் டிரம்மில் ரோப் 5 சுற்றாவது எப்போதும் மிச்சம் இருக்கட்டும்.

கார் முகப்பில் திருகும் டோ கொக்கி ஸ்டெப்னி, ஜாக்கிப் பக்கத்தில் இருக்கும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் அதன் மரை இடப்புறம் சுற்றும். கடைசி வரை திருகாமல் இழுத்தால் வளையும். சங்கிலியில் 8 என்று தர முத்திரை பார், 10 மி.மீ. என்றால் 3.15 டன் வரை. சங்கிலியை இரண்டு காலாகப் பிரித்துப் போடும்போது நடுக்கோணம் 120 டிகிரி ஆனால் ஒவ்வொரு காலும் முழு எடையையும் தாங்கும்; 60-க்குள் வை. இது உனக்குப் பழக்கம்தான்.

வழக்கு வண்டி வந்தால் பழக்கத்தையெல்லாம் மறந்துவிடு. திருட்டு, கடத்தல், மோதிவிட்டு ஓடியது எதுவானாலும், உள்ளே உட்காராதே. சீட் எவ்வளவு பின்னால் தள்ளியிருக்கிறது, கண்ணாடி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதிலேயே ஓட்டியவன் உயரம் தெரியும். நீ ஒரு முறை சீட்டை நகர்த்தினால் அது போய்விடும். கையுறை போட்டுக்கொள், ஸ்டியரிங், கியர் குமிழ், உள்கண்ணாடி மூன்றையும் தொடாதே. நியூட்ரலுக்கு மாற்றியே ஆக வேண்டும் என்றால், எந்தக் கியரில் இருந்தது என்று விசாரணை அதிகாரி முன்னால் படம் எடுத்துவிட்டு மாற்று. வண்டியைக் கட்டும் பெல்ட்டைப் பெயின்ட் உரசிய இடத்தின் மேல் போடாதே. உடைந்த விளக்குச் சில்லுகளைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளாதே, அது மகஜரில் (போலீஸ் கைப்பற்றும் பொருள்களை எழுதும் பட்டியல்) ஏற வேண்டிய பொருள். நம்பர் பிளேட்டை மட்டும் நம்பாமல் 17 எழுத்து சேசிஸ் எண்ணையும் குறித்துக் கொடு. விபத்து வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்க்கும் வரை யார்டில் யாரும் கழுவவோ டயரைக் கழற்றவோ விடாதே.

பாதி ஏற்றியபோது உரிமையாளர் ஓடி வருவார். நிறுத்திவிட்டு அதிகாரியைக் கேள், நீயாக இறக்கிக் கொடுக்காதே. பணம் எதையும் கையில் வாங்காதே, ரசீது ஸ்டேஷனில். யார்டில் ஒப்படைக்கும்போது நேரம், கிலோமீட்டர், சாவி உண்டா இல்லையா என்று எழுதி வாங்கிய கையெழுத்தையும் ஒரு படம் எடுத்துவை.

ஷெட்டில் நான்கு வீல் ஸ்கேட் சும்மா கிடக்கிறது. இரண்டுக்குச் சக்கரம் இறுகியிருக்கிறது, கிரீஸ் வைத்தால் ஓடும். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போ.

அன்புடன்,
அண்ணன்